கிளெரிக்கின் மந்திரமும் மூலிகைப் பையும்: டி அண்ட் டி ஆட வரும் புதியவர்களுக்கு

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற மேஜைக் கதை விளையாட்டை ஆட முதல் தடவை வந்து உட்காருகிறவர் கையில் கிளெரிக், அதாவது கடவுளின் வரத்தால் மந்திரம் போடும் பாத்திரத்தைக் கொடுப்பது பல குழுக்களில் வழக்கம். "பின்னாடி நின்னு எல்லாரையும் குணப்படுத்து, அது போதும்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. என் கிளெரிக் அப்போது இரண்டாம் லெவல், கையில் முதல்நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) மூன்று. எதிரே ஒரு ஓகர், அதாவது ஒரு ராட்சதன். எங்கள் ஃபைட்டர் (போர்வீரன்) அடி வாங்கினான், கியூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் போட்டேன். அடுத்த சுற்றிலும் வாங்கினான், மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் அதேதான். ஸ்லாட் தீர்ந்துவிட்டது, ஓகர் அசையாமல் நிற்கிறது. நான்காவது சுற்றில் எங்கள் ரோக் (திருட்டுக் கலைக்காரி) விழுந்தாள், அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் போட்ட மூன்று பகடையும் பத்துக்குக் கீழே விழுந்தது, அவள் செத்துப்போனாள். கடையில் 5 பொற்காசுக்குக் கிடைக்கும் ஒரு ஹீலர்ஸ் கிட் (துணியும் களிம்பும் உள்ள மருத்துவப் பெட்டி) பையில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கையில் எதுவும் இல்லாவிட்டாலும் மெடிசின் (வைத்தியத் திறன்) பகடை போட்டுப் பார்க்கலாம் என்பதுகூட அன்று எங்கள் மேஜையில் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் முதல் ஆட்டத்தில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன், பல குழுக்கள் இன்னும் அதில்தான் ஆடுகின்றன. 2024 விதிகளில் மாறியதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சுருக்கமாக என் கருத்து இது: மந்திரத்தை விழுந்தவரை எழுப்ப வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வேலையையெல்லாம் மூலிகையிடமும் கட்டுத்துணியிடமும் விடுங்கள்.

முதலில், பூஜ்யம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ஒன்று இருந்தாலும் உங்கள் பாத்திரம் முழு பலத்தோடுதான் சண்டை போடும். நாற்பது இருப்பவனும் ஒன்று இருப்பவனும் வாள் வீசுவதில் எந்த வித்தியாசமும் கிடையாது. பூஜ்யத்துக்கு வந்தால்தான் விழுவார். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடை போட வேண்டும்: 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, கீழே வந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை சீராகும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு, 20 விழுந்தால் ஒரு ஹெச்பியோடு எழுந்துவிடுவார். விழுந்து கிடப்பவரை யாராவது அடித்தாலும் தோல்வி ஏறும், பக்கத்தில் நின்று அடித்தால் ஒரே அடிக்கு இரண்டு.

இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விழாதவருக்கு ஐந்து ஹெச்பி கூடுதலாகக் கொடுப்பதைவிட விழுந்தவருக்கு ஒரே ஒரு ஹெச்பி கொடுப்பது பெரிய உதவி.

அப்புறம், ஸ்லாட்டை எண்ணுங்கள்

முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு நாளைக்கு இரண்டே ஸ்லாட். இரண்டாம் லெவலில் மூன்று. மூன்றாம் லெவலில் முதல்நிலைக்கு நான்கு, இரண்டாம்நிலைக்கு இரண்டு. எட்டு மணி நேர நீண்ட ஓய்வு எடுத்தால்தான் இவை திரும்பும். பாலடின் (புனித வீரர்) கையில் லெவலைப் போல ஐந்து மடங்கு ஹெச்பி ஒரு சேமிப்பாக இருக்கும், தொட்டுக் கொடுக்கலாம். பார்ட் (பாடகர்), ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) இருவருக்கும் குணப்படுத்தும் மந்திரங்கள் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் மேஜையைச் சுற்றி யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலைதான்.

இப்போது அந்த ஓகர் கணக்கைப் பாருங்கள். ஓகரின் தடி பட்டால் சராசரியாக 13 போகும். கியூர் வூண்ட்ஸ் ஒரு எட்டு முகப் பகடை, அதோடு உங்கள் விஸ்டம் (ஞானம்) மாடிஃபையர், அதாவது அந்தத் திறன் தரும் கூட்டல் எண். விஸ்டம் 16 என்றால் சராசரியாக ஏழரை. அதாவது உங்கள் முறை முழுவதையும் செலவழித்து, அடுத்த அடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் திருப்பித் தந்திருக்கிறீர்கள். நான் அன்று மூன்று சுற்று செய்தது இதைத்தான். அந்த மூன்று முறையும் நானும் சேர்ந்து ஓகரை அடித்திருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும்.

அதனால் முதலில் எடுக்க வேண்டிய மந்திரம் ஹீலிங் வேர்ட். நான்கு முகப் பகடைதான், தருவது குறைவு. ஆனால் போனஸ் ஆக்ஷனில் (ஒரு முறையில் முக்கியச் செயலான ஆக்ஷனுக்கு மேல் கூடுதலாகச் செய்யும் சிறு செயல்) போடலாம், 60 அடி தள்ளி நின்றும் போடலாம், கை கட்டியிருந்தாலும் வாய் திறந்தால் போதும். விழுந்தவர் எழுந்துவிடுவார், உங்கள் ஆக்ஷன் மிச்சம் இருக்கும், அதில் கதாயுதத்தால் அடிக்கலாம் அல்லது ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சிறு மந்திரம்) போடலாம். ஒரே முறையில் ஸ்லாட் செலவாகும் இன்னொரு மந்திரம் மட்டும் போட முடியாது. 2024 விதிகளில் ஹீலிங் வேர்ட் இரண்டு நான்கு முகப் பகடை, கியூர் வூண்ட்ஸ் இரண்டு எட்டு முகப் பகடை என்று ஏறியிருக்கிறது. கியூர் வூண்ட்ஸின் மதிப்பு அதில் கூடியது உண்மை, ஆனாலும் சண்டை நடுவே என் கை முதலில் போவது ஹீலிங் வேர்டுக்குத்தான்.

யாரும் விழவில்லை என்றால் ஸ்லாட்டைத் தொடாதீர்கள். "எனக்கு எட்டு போச்சு, கொஞ்சம் குடேன்" என்று கேட்பார்கள். சண்டை முடியட்டும் என்று சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரக் குறுகிய ஓய்வு எடுத்தால் ஒவ்வொருவரும் தங்கள் ஹிட் டைஸை (ஹெச்பி மீட்க ஒவ்வொருவருக்கும் இருக்கும் பகடைகள்) செலவழித்துத் தாங்களே தேறிக்கொள்ளலாம். அதற்கு மந்திரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். புதியவர்கள் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

கடைக்குப் போங்கள்

முதல் ஆட்டத்துக்கு முன்னால் காசு மிச்சம் இருந்தால் வாங்க வேண்டியது ஹீலர்ஸ் கிட். 5 பொற்காசு, பத்து தடவை பயன்படும். விழுந்தவர் பக்கத்தில் போய் ஒரு ஆக்ஷன் செலவழித்தால் பகடையே இல்லாமல் அவர் நிலை சீராகிவிடும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், எந்தப் பயிற்சியும் தேவையில்லை. குழுவில் இரண்டு பேரிடமாவது இது இருக்க வேண்டும், ஏனென்றால் கிட் வைத்திருக்கும் கிளெரிக்கே விழுந்து கிடந்தால் அதை எடுக்க யாராவது வேண்டுமே.

ஹீலர் ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கொள்ளும் ஒரு சிறப்புத் திறமை) என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2014 விதிகளில் அந்த ஃபீட் உள்ளவர் கிட்டை வைத்து விழுந்தவரை ஒரு ஹெச்பியோடு எழுப்பலாம். அது போக, கிட்டின் ஒரு பயன்பாட்டைச் செலவழித்து ஒருவருக்கு ஒரு ஆறு முகப் பகடையும், கூட நான்கும், அவருடைய லெவலும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டாம் லெவல் ஆளுக்குச் சராசரி ஒன்பதரை! கியூர் வூண்ட்ஸைவிட இரண்டு அதிகம். செலவு ஐந்து வெள்ளிக்காசு. ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே ஒருவருக்கு ஒரு தடவைதான் என்பது மட்டும் கட்டுப்பாடு. துணியும் களிம்பும் வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆள் கடவுளின் வரம் பெற்றவரைவிட நன்றாக வைத்தியம் பார்க்கிற இடம் இது. 2024-ல் இதை மாற்றிவிட்டார்கள்: அடிபட்டவர் தன் ஹிட் டைஸ் ஒன்றைச் செலவழிக்க வேண்டும், அதில் விழும் எண்ணோடு உங்கள் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு ஏறும் கூட்டல் எண்) சேரும்.

அடுத்து போஷன் ஆஃப் ஹீலிங், குணப்படுத்தும் மருந்துப் புட்டி. விலை 50 பொற்காசு, இரண்டு நான்கு முகப் பகடையும் கூட இரண்டும். கணினியில் ஸ்கைரிம் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் மாற வேண்டும். அங்கே மெனுவைத் திறந்தால் உலகமே நின்றுவிடும், பத்து புட்டியை வரிசையாகக் குடித்துவிட்டு வரலாம். நீல மலைப்பூவையும் கோதுமையையும் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். மேஜை ஆட்டத்தில் ஒரு புட்டியைக் குடிக்க, அல்லது விழுந்தவர் வாயில் ஊற்ற, ஒரு முழு ஆக்ஷன் போகும். 2024 விதிகளில் அது போனஸ் ஆக்ஷன். தனக்கு மட்டும் போனஸ் ஆக்ஷன், அடுத்தவருக்கு ஊற்றினால் முழு ஆக்ஷன் என்று பழைய விதியில் ஆடும் பல குழுக்கள் தாங்களாகவே மாற்றி வைத்திருக்கின்றன, டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே காய்ச்சலாம்

ஹெர்பலிசம் கிட்டும் (மூலிகைக் கருவிப் பை) 5 பொற்காசுதான். ஆனால் இதற்குப் பயிற்சி வேண்டும். ட்ரூயிட்டுக்கு இயல்பாகவே வரும். பாத்திரத்துக்கு ஹெர்மிட் (துறவி) பின்புலம் எடுத்தால் பயிற்சியும் கிடைக்கும், கிட்டும் கையோடு வரும். 2017-ல் வந்த ஒரு துணைப் புத்தகத்தின் விதிப்படி, பயிற்சி உள்ளவர் ஒரு நாள் வேலை, 25 பொற்காசு சாமான் என்று ஒரு போஷன் காய்ச்சிவிடலாம். பாதி விலை. இதைவிட வலுவானது வேண்டும் என்றால் ஒரு வார வேலையும் 100 பொற்காசும் ஆகும். ஊரில் நான்கு நாள் தங்கப்போகிறோம் என்று டிஎம் சொன்னால், மற்றவர்கள் சத்திரத்தில் கதை பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நான்கு புட்டி காய்ச்சிவிடுங்கள்.

குட்பெர்ரி என்ற ட்ரூயிட் மந்திரம் மூலிகைக்கும் மந்திரத்துக்கும் நடுவில் நிற்பது. ஒரு முதல்நிலை ஸ்லாட்டுக்குப் பத்து பழம், பழத்துக்கு ஒரு ஹெச்பி, 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு பழம் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் ஆகும். இரவு படுக்கும் முன் ஸ்லாட் மிச்சம் இருந்தால் அதை வீணாக்காமல் பழமாக்கி எல்லார் பையிலும் இரண்டிரண்டு போட்டுவிடுங்கள். விழுந்தவருக்கு ஊட்ட முடியுமா என்று மட்டும் டிஎம்மிடம் முன்கூட்டியே கேளுங்கள், சாப்பிடுகிறவர் தன் ஆக்ஷனில் சாப்பிட வேண்டும் என்றுதான் விதியில் எழுதியிருக்கிறது.

மந்திரம் நிற்கும் இடங்கள்

சைலன்ஸ் மந்திரம் போட்ட 20 அடி ஆர வட்டத்துக்குள் வாயால் சொல்ல வேண்டிய எந்த மந்திரமும் வேலை செய்யாது. கியூர் வூண்ட்ஸும் போடமுடியாது, ஹீலிங் வேர்டும் போடமுடியாது. புட்டியைக் குடிக்கலாம், கட்டுப் போடலாம். பெரிய லெவலில் வரும் ஆன்டிமேஜிக் ஃபீல்டு (எந்த மந்திரமும் செல்லாத வட்டம்) உள்ளே போஷனும் செத்துவிடும், ஏனென்றால் மூலிகையில் காய்ச்சினாலும் விதிப்படி அது மந்திரப் பொருள்தான். ஹீலர்ஸ் கிட் மட்டும் அங்கேயும் வேலை செய்யும்.

விஷத்துக்கு முறிமருந்து 50 பொற்காசு. அதைக் கடிபட்ட பிறகு குடித்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய பேர். அது ஒரு மணி நேரத்துக்கு விஷத்தை எதிர்க்கும் பகடையில் அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டு நல்லதை எடுத்துக்கொள்வது) தரும், அவ்வளவுதான், ஏறிய விஷத்தை இறக்காது. ராட்சதச் சிலந்தி இருக்கும் குகை என்று தெரிந்தால் வாசலில் நின்று குடித்துவிட்டு உள்ளே போங்கள். ஏறிய விஷத்தை இறக்க லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் என்ற மந்திரம் வேண்டும், அல்லது பாலடின் தன் சேமிப்பில் ஐந்து புள்ளி செலவழிக்க வேண்டும். கியூர் வூண்ட்ஸ் காயத்துக்குத்தான். விஷம், நோய் இரண்டையும் அது தொடாது.

மூலிகை முழுதாக நிற்கும் இடம் மரணம். இறந்து ஒரு நிமிடத்துக்குள் ரெவிவிஃபை என்ற உயிர்ப்பிக்கும் மந்திரம் போட 300 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும், அது எரிந்து போய்விடும். அதே காசுக்கு நீங்கள் பன்னிரண்டு போஷன் காய்ச்சியிருக்கலாம். ஐந்தாம் லெவல் வந்ததும் வைரம் வாங்கி வையுங்கள். அதற்கு முன்னால் அந்த 300-ஐ மருந்தில் போடுங்கள்.

நீங்களே டிஎம் ஆக உட்கார்ந்தால்

புதிய டிஎம்கள் கேட்கும் கேள்வி: கோயிலில் கிளெரிக் இருக்கும் உலகத்தில் நாட்டு வைத்தியரிடம் யார் போவார்கள்? விலையைப் பார்த்தாலே விடை தெரியும். பயிற்சி இல்லாத கூலி ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. கியூர் வூண்ட்ஸ் மாதிரி சாதாரண மந்திரம் ஒன்றைக் காசு கொடுத்துப் போடவைக்க 10 முதல் 50 பொற்காசு வரை ஆகும் என்கிறது விதி. ஒரு பொற்காசுக்குப் பத்து வெள்ளி. அந்தக் கூலிக்காரர் ஐம்பது நாள் சாப்பிடாமல் சேர்த்தால்தான் குறைந்தபட்ச விலை வரும். ஒரு போஷன் வாங்க 250 நாள். எனவே ஊரில் பெரும்பாலானோர் வாழ்நாளில் மந்திர வைத்தியத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். வைத்தியச்சி வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம் இருக்கும்.

டிஎம் புத்தகத்தில் சைட் ராட் என்று ஒரு கண்நோய் இருக்கிறது. கெட்டுப்போன தண்ணீரால் வரும். முதல் நாள் பார்வை மங்கும், பார்வையை நம்பிப் போடும் பகடைகளுக்குக் கழித்தல் 1. ஒவ்வொரு இரவு ஓய்வுக்கும் இன்னொன்று ஏறும், கழித்தல் 5 வந்தால் குருடு. ஐபிரைட் என்ற சதுப்புநிலப் பூவைப் பறித்து, ஹெர்பலிசம் கிட் பயிற்சி உள்ளவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வேளைக் களிம்பு தயார். படுக்கும் முன் கண்ணில் போட்டால் அன்றிரவு நோய் ஏறாது, மூன்று வேளை போட்டால் நோயே போய்விடும். குருடான பிறகோ பார்வையைத் திருப்ப மந்திரம்தான் வேண்டும்.

இதை வைத்து ஒரு ஆட்டம் அமைத்துப் பாருங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்த இருபது பேருக்கு ஒரே நாளில் கண் மங்குகிறது. கோயிலில் மூன்றாம் லெவல் கிளெரிக் ஒருவர், லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் ஒரு நாளைக்கு இரண்டு. நான்காம் இரவுக்குள் எட்டு பேர் தப்புவார்கள், பன்னிரண்டு பேர் குருடாவார்கள். அதே ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அரைக்கத் தயாராக இருக்கும் வைத்தியச்சி ஒருவர் இருந்தால், முதல் மூன்று இரவு பத்து பேருக்கும் அடுத்த மூன்று இரவு மீதிப் பத்து பேருக்கும் களிம்பு போட்டு இருபது பேரையும் தனியாகவே காப்பாற்றிவிடுவார். கடைசிப் பத்து பேர் கழித்தல் 4 வரை போய்த்தான் திரும்புவார்கள். அதற்கு அறுபது பூ வேண்டும், சதுப்பில் இறங்கிப் பறிக்க ஆள் வேண்டும். அதுதான் உங்கள் ஆட்டக்காரர்கள்.

ஐபிரைட் என்ற பெயர் நம் மேஜையில் ஒட்டவில்லை என்றால் ஊர்ச் செடியை வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. எங்கள் குழுவில் நான் செங்காந்தளை வைத்தேன். தமிழ்நாட்டின் மாநில மலர், வேலியில் தீ மாதிரி பூத்திருக்கும். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஊரில் சொல்வார்கள், அதனால் கண்வலிக்கிழங்கு என்றும் பெயர். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருக்கிறது, மூட்டுவாத மருந்துக்காக விதை ஏற்றுமதியாகிறது, கிழங்கைத் தின்றவர்கள் செத்தும் போயிருக்கிறார்கள். இந்தச் செடியை விளையாட்டுக்கு வெளியே யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். விளையாட்டுக்குள் அதற்கு ஒரு விதி எழுதினேன்: களிம்பு செய்யும்போது பகடையில் 5-க்குக் கீழே விழுந்தால் அந்த வேளை களிம்பு மருந்தாகாது, விஷமாகிவிடும். அன்றைக்கு மேஜையில் ஒவ்வொரு பகடைக்கும் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பூவின் எண்ணிக்கையை மட்டும் அறுபதாக வைக்காதீர்கள். 48 வையுங்கள், கோயில் கிளெரிக்கையும் ஊரிலேயே இருக்கவிடுங்கள். 48 பூவில் பதினாறு பேர் தேறுவார்கள், மீதி நான்கு பேருக்கு மந்திரம், அதுவும் இரண்டு நாள் வேலை. யார் முதல் மூன்று இரவு, யார் கடைசி மூன்று, எந்த நான்கு பேரைக் கோயிலுக்கு அனுப்புவது என்பதை ஆட்டக்காரர்களே அந்த வைத்தியச்சி திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.